திருப்பிக் கேட்காத ஏழு மனுக்கள்

தேவேந்திரன் தராசு மெக்கானிக். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் பட்டையும் ஜரிகையையும் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசுகள் அரை கிராம் கூடக்குறையக் காட்டினாலும் அவனுக்குத்தான் போன் வரும். கையில் எடைக்கற்கள் வைத்த பெட்டியோடு காந்தி ரோட்டில் அவன் ஸ்கூட்டரை நிறுத்தினால், கடைக்காரர்களுக்கு அன்றைக்கு நிம்மதி. அளவில் பொய் சொல்லாத ஆள் என்று பெயர்.

செவிலிமேட்டில் அவன் வீட்டு மாடி அறையில் வேறொரு உலகம் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைத் தேடி வாங்கி, அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி ஓடவைப்பது அவனுடைய பொழுதுபோக்கு. எல்லோரிடமும் இருக்கும் ரகம் அவனுக்கு ருசிக்காது. யாரும் சீந்தாத சிப், செய்த கம்பெனியே கைவிட்ட மெஷின், "இதுல ஒண்ணும் ஓடாதுப்பா" என்று பழைய இரும்புக் கடைக்காரர் தள்ளி வைத்தது, அப்படிப்பட்டவைதான் வேண்டும். அந்த அறையில் அவற்றுக்கெல்லாம் ராஜா, ஒரு வெள்ளை ஐபுக். இருபது வருடத்துக்கு முந்தைய ஆப்பிள் மடிக்கணினி. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்த கடை ஒன்று மூடியபோது வாங்கியது. அதனுள் இருந்த பவர்பிசி சிப், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்தக் கம்ப்யூட்டரோடும் சேராத இனம். எண்களை எழுதி வைக்கும் வரிசைகூட மற்றதற்குத் தலைகீழ்.

அந்த இனத்துக்காக உலகம் முழுக்க ஒரு சின்னக் கூட்டம் இன்னும் லினக்ஸைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், பிரேசிலில் ஒரு ரயில்வே ஊழியர், இன்னும் முப்பது நாற்பது பேர். இணையத்தில் அவர்கள் கூடிப் பேசும் இடத்தில் தேவேந்திரனும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதுவான். அங்கே அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்ல அம்சாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்சா மாகறல்காரி. முப்பது வயது. ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டன. தட்டச்சில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே சாமுவேல் என்பவரின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்பதால் அன்றைக்குக் கூட்டம் அவளைச் சுற்றி நிற்கும். வந்தவர்கள் குறையைக் கொட்டுவார்கள். அவள் குறுக்கே இரண்டே கேள்வி கேட்டு, விஷயத்தை வரிசைப்படுத்தி, கலெக்டருக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவாள்.

முன்பு அவள் சாதாரண டைப்ரைட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்ததைச் சாமுவேல் படித்துக் காட்டவேண்டும். கடையில் வேலை இருந்தால் அவரால் முடியாது. "பேசற கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும் தேவா. மெட்ராஸ்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பு எடுத்து, படிச்சுக் காட்டற சாப்ட்வேர் போட்டுக்கினா போதும்னு சொல்றாங்க. அடுத்த வாரம் போலாம்னு இருக்கேன்" என்று சாமுவேல் ஒருநாள் சொன்னபோது, தேவேந்திரன்தான் அவரைத் தடுத்தான்.

"எதுக்குண்ணா அலையறீங்க? என்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்குது. நான் ரெடி பண்ணித் தரேன்."

ரெடி பண்ணவும் செய்தான். ஐபுக்கில் தமிழ் படித்துக் காட்டும் மென்பொருளை ஏற்ற அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. மூக்கடைத்த ஆள் பேசுவது போல ஒரு குரல். ஆனால் எழுத்துப் பிசகாமல் படித்தது. அம்சா முதல் முறை அடித்துக் கேட்டபோது சிரித்துவிட்டாள். "சளி புடிச்சிருக்குது பாவம்" என்றாள். அவன் காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. சாமுவேல் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைப் புகழ்ந்தார்.

அன்றைக்கே அவன் அம்சா தட்டச்சு செய்வதை ஒரு போட்டோ எடுத்தான். என்ன சத்தம் என்று அவள் கேட்டதற்கு, "சும்மா மெஷின் போட்டோம்மா" என்றான். அதை இணையக் குழுவில் போட்டு, இந்தியாவில் பார்வையற்ற ஒரு பெண் இந்த மெஷினை வைத்துத் தினமும் பிழைப்பு நடத்துகிறாள் என்று எழுதினான். ஜெர்மனி வாத்தியார் கண்ணீர் வந்ததாகப் பதில் போட்டார். அதற்குப் பிறகு தேவேந்திரன் எது எழுதினாலும் நாலு பேர் உடனே படித்தார்கள். வெறும் ஆசைக்கு மெஷின் ஓட்டுகிறவர்கள் நடுவே, நிஜமான உபயோகம் ஒன்றைக் காட்டிய ஆள் அவன் மட்டும்தான்.

இப்படி ஒன்றரை வருடம் போனது.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குழுவில் புதிய கெர்னல் வந்தது. கெர்னல் என்பது லினக்ஸின் அடிப்படை. அது மாறினால் மெஷினின் எல்லா உறுப்பும் புதிதாக வேலை செய்து காட்டவேண்டும். யாராவது முழுதாகச் சோதித்துச் சொல்லுங்கள் என்று பிரேசில்காரர் கேட்டிருந்தார். முதல் ஆளாகத் தான் சொல்லவேண்டும் என்று தேவேந்திரனுக்கு அரிப்பு எடுத்தது. அவனிடம் இன்னொரு ஐபுக்கும் இருந்தது. ஆனால் அதன் திரை பாதி கறுத்துப்போயிருந்தது. அம்சாவிடம் இருந்ததுதான் நல்ல மெஷின்.

சனிக்கிழமை மாலை சாமுவேல் கடைக்குப் போய், "ஒரு தடவ தொறந்து சுத்தம் பண்ணிட்றேம்மா. திங்கக்கெழம காலையில கடைக்கு வந்துடும்" என்றான்.

"சரிண்ணா. நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது" என்றாள் அம்சா. ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிய கெர்னலை ஏற்றினான். திரை வந்தது. வைஃபை வந்தது. கீழே மனைவி துளசி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஏனாத்தூரில் அவள் அக்கா வீட்டில் கிரகப்பிரவேசச் சாப்பாடு. மெஷினை மறுபடி அணைத்துப் போட்டபோது, எப்போதும் ஆரம்பத்தில் வரும் மணியோசை கணீரென்று வந்தது. சத்தமும் சரி என்று முடிவு செய்தான். அந்த மணியோசை லினக்ஸ் எழுந்திருப்பதற்கு முன்பே, மெஷினின் அடியில் இருக்கும் சிப்பிலிருந்து வருவது. அதற்கும் கெர்னலுக்கும் சம்பந்தமே இல்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வரி தமிழை அடித்துப் படிக்கச் சொல்லியிருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும். அவன் அதைச் செய்யாமல், போனை எடுத்து, எல்லாம் சரியாக வேலை செய்கிறது, சத்தம் உட்பட, என்று குழுவில் எழுதிவிட்டுக் கீழே இறங்கினான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மெஷினைச் சாமுவேலிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பட்டுக்கடைத் தராசுகளுக்கு முத்திரை போடும் நாள். அதிகாரிகள் கூடவே இருப்பார்கள். போனைச் சத்தமில்லாமல் செய்து ஸ்கூட்டர் பெட்டியில் போட்டிருந்தான். சாயங்காலம் நாலரைக்கு எடுத்துப் பார்த்தபோது, அம்சாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள், சாமுவேலிடமிருந்து நான்கு.

கடைக்குப் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. அம்சா மெஷினை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சும்மா?"

"பேசவே இல்லண்ணா. எது அடிச்சாலும் குக்கர்ல ஆவி வர்ற மாதிரி ஸ்ஸ்ஸுன்னு சத்தம். உங்களுக்குப் போட்டுக்கினே இருந்தேன்."

திறந்து பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலைக் கம்ப்யூட்டர் எண்களாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. புதிய கெர்னலில் அந்த எண்களின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறிவிட்டன. தலைகீழ் வரிசை சிப்புகளில் மட்டும் வரும் கோளாறு. அப்படி மாறினால் பேச்சு போய் இரைச்சல்தான் மிஞ்சும். சரிசெய்வது ஒன்றும் பெரிய வேலையில்லை. பழைய கெர்னலும் உள்ளேயே இருந்தது. மெஷின் எழும்போது இரண்டு விசையை அழுத்தினால் அது வந்துவிடும். காலையில் போனை எடுத்திருந்தால், சாமுவேலுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

இரண்டு விசையை அழுத்தி, இனி எப்போதும் பழைய கெர்னலே வரும்படி மாற்றி வைத்தான். மூக்கடைத்த குரல் திரும்ப வந்தது. அம்சா பெருமூச்சு விட்டாள்.

"இன்னாண்ணா கோளாறு?"

"பழைய மெஷின் இல்லியாம்மா" என்றான் தேவேந்திரன். "தூசி கீசி இருந்திருக்கும்."

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை அவன் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்தான்.

"நிறைய பேர் நின்னுட்டாங்கண்ணா. பாதிப் பேரு வெளியூரு. அடுத்த வாரம் வான்னு எப்படிச் சொல்றது? கை ஞாபகத்துலயே ஏழு மனு அடிச்சுக் குடுத்தேன். சாமுவேல் அண்ணனுக்கும் ஜெராக்ஸ் மிஷினவிட்டு நகர முடியல, யாரும் படிச்சுப் பாக்கல. இப்பதான் பேசுதே, ஏழையும் ஒரு தடவ திருப்பிக் கேட்டுட்றேன். தப்பு இருந்தா நாளைக்கே அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்."

அவள் கோப்பைத் திறக்கப் போனாள். தேவேந்திரனுக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும் என்றிருந்தது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எப்போதிலிருந்து இப்படி, நேற்று என்ன செய்தீர்கள் என்று பேச்சு வளரும்.

"நீ தப்பா அடிப்பியாம்மா? ஹையர் பாஸ் பண்ணவ. மாகறல் பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு" என்றான்.

அந்தப் புகழ்ச்சியில் அவள் முகம் மலர்ந்தது. மெஷினை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கம்பைத் தட்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

ஏழில் ஆறு மனு சரியாகத்தான் இருந்தன. ஏழாவது கலியனுடையது.

கலியன் மாகறலுக்குப் பக்கத்து ஊரில் விவசாயி. சர்வே எண் 114-இல் இருக்கும் நாற்பது சென்ட் நிலம் தன் அனுபவத்தில் இருக்கிறது, பட்டாவில் பெயர் ஏறவில்லை, ஏற்றித் தரவேண்டும் என்பது அவர் மனு. அதில் 114 என்பதற்குப் பதில் 141 என்று விழுந்திருந்தது. அந்த எண்ணில் இருந்தது அவருடைய அண்ணன் பழனியின் கிணற்று நிலம். அண்ணனும் தம்பியும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். கலியனின் மகள் கல்யாணத்தை முன்னிட்டு, அந்த மாசியில்தான் அவர் அண்ணன் வீட்டு வாசலை மிதித்துப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தார். அண்ணன்தான் பெரியப்பாவாக முன்னால் நின்று எல்லாம் நடத்துவதாகப் பேச்சு.

கிராம நிர்வாக அலுவலர் மனுவை எடுத்துக்கொண்டு பழனியிடம் விசாரிக்கப் போனார். அவர் தன் கடமையைத்தான் செய்தார். பழனி மனுவில் தம்பியின் கையெழுத்தைப் பார்த்தார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகையை எடுத்துப்போய்த் தம்பி வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

கலியன் நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். தேவேந்திரன் அப்போது கடையில் இருந்தான். கடைத் தராசு ஒன்றுக்குப் பில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தான்.

"கண்ணு தெரியாதவ ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்று கலியன் கத்தினார். "எங்க அண்ணன் நெலத்தக் கேட்டு நான் மனு குடுத்தா மாதிரி ஆயிப்போச்சே! கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்குது. இனிமே அவன் என் மூஞ்சியப் பாப்பானா?"

சாமுவேல் நகலை எடுத்துப் படித்தார். நூற்று நாற்பத்தொன்று. அம்சா எழுந்து நின்றாள்.

"என் கை தப்பிடுச்சு மாமா" என்றாள். "மன்னிச்சுக்கோங்க. வேற மனு இப்பவே அடிச்சுத் தரேன். நான் வேணா பெரியவர்கிட்ட வந்து சொல்றேன்."

"நீ சொன்னா நம்பிடுவானா? நான் சொல்லிக் குடுத்துக் கூட்டினு வந்தேன்னு சொல்லுவான்."

"மிஷினு அன்னிக்குக் கோளாறுய்யா" என்று சாமுவேல் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"மிஷினு மேல பழி போடாதீங்கண்ணா" என்றாள் அம்சா. "பேசலன்னா நான் அடிச்சிருக்கக் கூடாது. சாயங்காலம் பேசுச்சு. அப்பவாவது கேட்டிருக்கணும். கேக்காம விட்டது நான்தான்."

இவ்வளவும் நடக்கும்போது தேவேந்திரன் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க இரண்டு முறை முயன்றான். கலியனின் கோபத்தைப் பார்க்கப் பார்க்க, அது தன் பக்கம் திரும்புவதை நினைத்து வாயை மூடிக்கொண்டான். பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து அம்சா கடைக்கு வரவில்லை.

முதல் வாரம், கல்யாணத்துக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்தான். தராசு வேலை வந்தது. வேலை இல்லாத நாளில் ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டான். குழுவிலோ ஜெர்மனி வாத்தியார் எழுதியிருந்தார்: உங்கள் சொல்லை நம்பிப் புதிய கெர்னல் போட்டேன், எனக்கு வெறும் இரைச்சல் வருகிறது, என் மெஷினில் ஏதோ கோளாறு போல, மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேவேந்திரன் அதற்கும் பதில் எழுதவில்லை. பட்டுக்கடையில் ஒரு தராசைச் சரிபார்க்கும்போது, ஐம்பது கிராம் கல்லை வைத்து ஐம்பது என்று காட்டியதை நான்கு முறை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான். கடைக்காரர், "இன்னா தேவா, சரியாத்தானே காட்டுது?" என்று கேட்டார்.

கல்யாணம் நடந்து முடிந்தது. பெரியப்பா வரவில்லை என்று சாமுவேல் சொன்னார். பெண்ணுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்ததாம்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தேவேந்திரன் துளசியிடம் முழுவதையும் சொன்னான். அவள் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை பார்ப்பவள். வாடிக்கையாளர் மனதில் இருப்பதை முகத்தைப் பார்த்தே சொல்வாள். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சாமுவேல் அண்ணன் மெட்ராஸ்ல லேப்டாப்பு வாங்கப் போனப்ப ஏன் தடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"உதவி பண்ணலாம்னுதான்."

"உதவியா? ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கிற மாதிரி மிஷின் ஒண்ணு அவகிட்ட இருந்திருந்தா, ரிப்பேர்னா யாரு வேணாலும் பாத்திருப்பாங்க. நீங்க குடுத்தத உங்களத் தவிர இந்த ஊர்ல ஒருத்தரும் தொட முடியாது. உங்க மிஷினுக்கு ஒரு ஆளு வேணும்னு அவளப் புடிச்சீங்க."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாதம் ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாகறலுக்குப் போனான். அம்சா வீட்டு வாசல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தத்திலேயே அடையாளம் கண்டு, "வாங்கண்ணா" என்றாள். அவள் அம்மா கிருஷ்ணம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அம்சா, அந்த மனு தப்பானதுக்குக் காரணம் நீ இல்லம்மா. நான்."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். முடித்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிவந்தபோது கையில் ஐபுக் இருந்தது. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். மனு கொடுக்க வந்தவர்களிடம் பேசும் அதே குரல். "இத எழுதி எடுத்துக்கினு போனாத்தான் பழனி பெரியவரு நம்புவாரு. என்னிக்கு மிஷின எடுத்துக்கினு போனீங்க?"

அவன் தேதியைச் சொன்னான். அவள் அடித்தாள்.

"என்ன சொல்லி எடுத்துக்கினு போனீங்க?"

"சுத்தம் பண்றேன்னு."

"சுத்தம் பண்ணீங்களா?"

"இல்ல. உள்ள இருந்ததப் புதுசா மாத்தினேன்."

"அந்தப் புதுசு எனக்குத் தேவையா இருந்துதா?"

"இல்லம்மா."

"அப்ப யாருக்கு?"

கிருஷ்ணம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு" என்றான். "நான் மொதல்ல போட்டேன்னு சொல்லிக்க."

அதையும் அடித்தாள். பேசவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். தூசி என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் பிசகியது.

"நான் திருப்பிக் கேக்கறேன்னு சொன்னேன். பஸ்ஸு போயிடும்னீங்க. எனக்கு பஸ்ஸு ஆறு மணிக்கு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் இத்தன நாளா என் வெரலத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். அதை அடிக்கவில்லை.

முடிந்ததும் திருப்பிப் படிக்க வைத்தாள். மூக்கடைத்த குரல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தது. தேவேந்திரன் ஆகிய நான், என் பெயருக்காக, அம்சாவுக்குத் தேவையில்லாத மாற்றத்தை அவருக்குத் தெரிவிக்காமல் செய்தேன். சோதித்துப் பார்க்கவில்லை. கேட்டபோது பொய் சொன்னேன். அவர் சரிபார்க்க முயன்றபோது தடுத்தேன். கிருஷ்ணம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வரியும் தான் சொன்னதுதான். ஆனாலும் வெளியிலிருந்து கேட்டபோதுதான் தேவேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எதாவது தப்பா இருக்குதா?" என்று கேட்டாள் அம்சா.

"இல்ல. சரியா இருக்குது." கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு இருக்குதும்மா" என்று போட்டோவைப் பற்றியும் சொன்னான்.

அவள் முகம் இறுகியது. "அது இதுல வேணாம். அது கலியன் மாமா விஷயம் இல்ல. அத எடுத்துடுங்க. இங்கயே, இப்பவே."

அவன் போனை எடுத்துக் குழுவிலிருந்து அதை நீக்கினான். எடுத்தாயிற்றா என்று அவள் கேட்டதும், கிருஷ்ணம்மாள் எட்டிப் பார்த்து, "போயிடுச்சு" என்றாள்.

ஊரிலேயே ஒரு கடையில் அச்செடுத்துக்கொண்டு, அன்றைக்கே பழனி வீட்டுக்குப் போனார்கள். அம்சா ஸ்கூட்டரில் ஏறமாட்டேன் என்றாள். மினிபஸ்ஸில் வந்தாள். தேவேந்திரன் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனான்.

பழனி எழுபதை நெருங்கியவர். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, காகிதத்தை முழுதும் படித்தார். தேவேந்திரன் கும்பிட்டபடியே நின்றான். "எல்லாம் என்னாலதான் பெரியவரே. உங்க தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அவரு நூத்திப் பதினாலுன்னுதான் சொல்லியிருக்காரு."

பழனி கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் தேவேந்திரன் வந்திருந்தான். அவர் திட்டவில்லை.

"தாலி கட்டற நேரத்துல நான் கழனியில தண்ணி கட்டிக்கினு இருந்தேன்" என்றார். "மேளச் சத்தம் நல்லா கேட்டுது. மம்பட்டியக் கீழ போட்டுட்டுப் போயிடலாமான்னு பாத்தேன். போவல."

கையிலிருந்த காகிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"நீ பண்ணது தப்புதான். ஆனா அந்தக் காயிதத்தப் பாத்ததும் அவன் அப்படிப்பட்டவன்தான்னு நெனச்சேனே, அது நீ சொல்லிக் குடுத்து நெனச்சதா?" காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது தேவேந்திரனுக்கு முழுதாகத் தெரியாது. சரியான எண்ணோடு கலியன் வேறு மனு கொடுத்தபோது பழனியும் கூட வந்திருந்ததாகச் சாமுவேல் சொன்னார். இரண்டு பேரும் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை என்றார். மறுவீட்டுக்கு வந்த பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியப்பா வீட்டில் ஒருவேளை சாப்பிட்டதாக வேறு யாரோ சொன்னார்கள்.

தேவேந்திரன் அன்று சாயங்காலமே குழுவில் எழுதினான். சத்தத்தை நான் சோதிக்கவே இல்லை, உங்கள் மெஷினில் கோளாறு இல்லை, நான் சொன்னது பொய் என்று. ஜெர்மனி வாத்தியார், சொன்னதற்கு நன்றி, என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பிரேசில்காரர் ஒரு வாரத்தில் கோளாறைத் திருத்திவிட்டார். அதைச் சோதிக்க யாராவது வேண்டும் என்று கேட்டபோது தேவேந்திரன் பாதி கறுத்த திரை உள்ள தன் மெஷினில் ஏற்றி, ஒரு மணி நேரம் தமிழ் படிக்கவிட்டுக் கேட்டான். பிறகுதான் பதில் எழுதினான்.

சாமுவேலும் அம்சாவும் மெட்ராஸுக்குப் போய்ச் சாதாரண லேப்டாப் ஒன்று வாங்கி வந்தார்கள். அவள் சேர்த்து வைத்த காசு. தானும் வரட்டுமா என்று தேவேந்திரன் கேட்டபோது, "வேணாண்ணா" என்றாள்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, ஐபுக்கை வாங்கிப்போக வரச்சொல்லி அவளே போன் செய்தாள். அவன் போனபோது அவளைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். புதிய மெஷின் வேறு குரலில், அவனால் பின்தொடர முடியாத வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கிழவியின் ஓய்வூதிய மனுவைத் திருப்பிக் கேட்டு முடித்து, அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினாள். மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்து நீட்டினாள்.

"என் மனு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்றாள். "நீங்க சொன்னது மட்டும் அதுல இருக்குது. அது உங்களுது, நீங்க பாத்துக்கோங்க."

அவன் வாங்கிக்கொண்டான். ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றான். அவள் அதற்குள், "அடுத்தது யாரும்மா? முன்னால வாங்க, பேரு சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். தேவேந்திரன் அவளுக்கு வழிவிட்டு வெளியே வந்தான்.